மறு: ‘நேரடி நுகர்வோர் உறவு’க்குப் பதிலாக ‘நேர்வாடிக்கை’

அன்பின் நண்பர்களுக்கு,

‘நேரடி நுகர்வோர் உறவு’ என்ற சொல்லுக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று நம் குழுவில் வந்த எல்லா மடல்களையும் இரண்டு நாளாக வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுத்தாளரோ ஓவியரோ பாட்டுக்காரரோ, தன் படைப்பை வாங்குகிறவரோடு இடையில் யாரும் இல்லாமல் வைத்துக்கொள்ளும் தொடர்புக்கு ஒரு சொல் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். ஆனால் ‘நேரடி நுகர்வோர் உறவு’ என்று மூன்று சொல்லை அடுக்கினால் அதை யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. இங்கே இலங்கையில் நுகர்வோரைவிடப் பாவனையாளர் என்பதுதான் பழக்கம், அதுவும் மின்சார பில்லைத்தான் ஞாபகப்படுத்தும். கதைப் புத்தகம் வாங்கிய பிள்ளையின் தாயைப் பாவனையாளர் என்று எழுத எனக்குக் கை வராது.

முதலில் பொருளைச் சரியாகப் பிடிப்போம். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியால் போனவர்களுக்கு முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி தெரியும். பஸ் நிற்கும், பிள்ளையாரைக் கும்பிடுவார்கள், கச்சான் (வேர்க்கடலை) வாங்குவார்கள், பஸ் போய்விடும். விற்ற அம்மாவுக்கு வாங்கியவர் யாழ்ப்பாணமா கொழும்பா என்று தெரியாது, அடுத்த முறை அவர் வருவாரா என்பதும் தெரியாது. பஸ் அங்கே நிற்பதை விட்டுவிட்டால் வியாபாரமும் நின்றுவிடும். எங்கள் ஒழுங்கைக்குத் தயிர் கொண்டுவருகிற அக்காவின் கதை வேறு. எந்த வீட்டில் விரதம், எந்த வீட்டுக்கு ஞாயிறு இரண்டு முட்டி வேண்டும், யார் மாதக் கடைசியில் காசு தருவார், எல்லாம் அவருக்கு மனப்பாடம். வீதியை மூடினாலும் வயல் வரம்பால் நடந்து வந்து கொடுப்பார். இரண்டும் விற்பனைதான், ஆனால் நமக்குச் சொல் வேண்டியிருப்பது இரண்டாவதற்கு.

அமேசானில் மின்னூல் போடுவது முறிகண்டிக் கச்சான் போலத்தான். விலை 2.99 முதல் 9.99 டொலருக்குள் இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் 70 வீதம் வரை உரிமைத்தொகை கிடைக்கும், இல்லாவிட்டால் 35 வீதம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கியவரின் பெயரோ மின்னஞ்சலோ எழுத்தாளருக்கு வராது. அடுத்த புத்தகம் வந்திருக்கிறது என்று அவருக்குச் சொல்ல உங்களுக்கு வழியே இல்லை. எழுத்தாளர் தன் மடலை வாசகருக்கு மின்னஞ்சலில் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் தளம் 2017இல் தொடங்கியது, கட்டணச் சந்தாவில் 10 வீதம் எடுக்கிறது, ஆனால் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை நீங்கள் இறக்கிக்கொண்டு வேறிடம் போகலாம். எனக்கு அந்த வேறுபாடுதான் முழு விஷயமும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் முதல் சிறுவர் கதைப் புத்தகத்தை ஒரு கடையில் விற்பனைக்குக் கொடுத்தேன், ஒரு வருடம் கழித்து மிச்சப் பிரதிகளும் கொஞ்சக் காசும் வந்தன, யார் வாங்கினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. வலையில் பக்கம் நடத்தினேன், ஒருநாள் காலையில் கணக்கு திறக்கவில்லை, மூன்று வருடம் சேர்ந்த ஆட்கள் அதோடு போனார்கள். ஆகவே ‘பின்தொடர்பவர்’ என்பதை இந்தப் பொருளுக்கு வைக்கவே கூடாது. அவர் உங்களைப் பின்தொடர்கிறார், நீங்கள் திரும்பிக் கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. இரண்டாம் புத்தகத்துக்கு ஒரு கொப்பியில் (நோட்டுப் புத்தகத்தில்) பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதி வாங்கினேன். இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப் சேவை இலங்கையில் கணக்குத் திறக்க விடுவதில்லை, அதனால் வங்கியில் போட்டுவிட்டுச் சிட்டையின் படத்தை வைபரில் அனுப்புகிறார்கள், நான் தபாலில் போடுகிறேன். மெதுவான வேலைதான், ஆனால் ஒட்டுசுட்டானில் எந்த வீட்டில் என் புத்தகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சென்னையிலிருந்து எழுதிய ஐயா ‘புரவலர்’ என்றார். படைப்பாளருக்கு ரசிகர்கள் மாதாமாதம் பணம் கொடுக்க 2013இல் வந்த பேட்ரியான் தளத்தின் பெயருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் புரவலர் என்றதும் பாரியும் பேகனும் வருகிறார்கள், கொடுப்பவர் மேலே, பாடுபவர் கீழே. முந்நூறு ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவரை அப்படி உயரத்தில் வைத்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும்.

குழுவில் வந்த ‘கையொப்பக்காரர்’ என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டிப் பணம் தர ஒப்பியவர்களிடம் கையொப்பம் வாங்கினார், அந்தக் காலத்தில் அதுதான் சொல். ஆனால் அது ஒரு நூலோடு முடிகிற ஏற்பாடு. இன்றைக்குக் கையொப்பமிட்ட பிரதி என்றால் எழுத்தாளர் கையெழுத்துப் போட்டது என்று ஆகிவிட்டது. அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2022இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் நான்கு நாவல்களுக்கு 4 கோடி டொலருக்கு மேல் திரட்டினாரே, அப்படியான முன்பணத் திரட்டுக்கு வேண்டுமானால் ‘கையொப்பம்’ பொருந்தும். அவர் அதற்குப் பல வருடம் முன்பே வாசகர்களோடு நேரே பேசி வந்தவர், அந்தப் பேச்சுக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

ஆகவே என் பரிந்துரை: ‘நேர்வாடிக்கை’. நேர்காணல், நேர்முகம் போல நேர் முன்னால் ஒட்டும். வாடிக்கை என்றால் பழக்கம் என்றும் பொருள், குழம்பும் என்று மல்லாவி ஆசிரியை அக்கா எழுதியிருந்தார். அக்கா, அந்தப் பொருள் உள்ளே இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன், ஒருமுறை வாங்கிப் போனவர் வாடிக்கை ஆகமாட்டார் இல்லையா. இன்னொன்று, இந்தச் சொல் இரண்டு பக்கமும் போகும். வாங்குகிறவர் ‘எங்கட வாடிக்கைக் கடை’ என்பார், விற்கிறவர் ‘எங்கட வாடிக்கை வீடு’ என்பார். நுகர்வோர், சந்தாதாரர் எதிலும் இந்தக் குணம் இல்லை. ‘வாடிக்கையாளர்’ மட்டும் வேண்டாம், தொலைபேசிக் கம்பனிகள் பதிவுசெய்த குரலில் சொல்லிச் சொல்லி அதைக் குளிர வைத்துவிட்டன. ஆளைக் குறிக்க ‘நேர்வாடிக்கையர்’ போதும்.

வினைச்சொல் நாம் உருவாக்கத் தேவையில்லை, ஏற்கனவே இருக்கிறது: வாடிக்கை பிடித்தல், வாடிக்கை விட்டுப்போதல். “ஒரு இணைய மேடையில் ஐயாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் அவருக்கு நேர்வாடிக்கை ஐம்பதுதான்” என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

பெயர்களும் முகவரிகளும் உள்ள பட்டியலுக்குத்தான் இன்னும் முடிவில்லை. நான் ‘வாடிக்கைக் கொப்பி’ என்பேன், தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கொப்பி பழக்கமில்லை என்றால் ‘வாடிக்கை ஏடு’ சரிவருமா என்று சொல்லுங்கள்.