பழைய படுக்கை விரிப்பில் தைத்த சட்டை தையலோரம் கிழிவது ஏன்?

கேள்வி:
வணக்கம். பிறர் பயன்படுத்திக் கழித்த துணிகளைக் கொண்டே என் உடைகளையும் பைகளையும் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓராண்டாக முயன்று வருகிறேன். சென்ற மாதம் ஒரு பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் அரைக்கைச் சட்டை தைத்தேன். நான்காவது சலவையிலேயே முதுகுப்புறத்தில், கைக்குழியை ஒட்டி, தையலோடு தையலாகத் துணி நீளவாக்கில் கிழிந்துவிட்டது. நூல் அறவே அறுந்துபோகவில்லை, துணிதான் இற்றுப்போயிருக்கிறது. உறுதியாக இருக்கட்டும் என்று தடித்த பாலியெஸ்டர் நூல், 14ஆம் எண் ஊசி, நெருக்கமான தையல் ஆகியவற்றையே பயன்படுத்தினேன். பிழை எங்கே? அடுத்து ஒரு ஜீன்ஸையும் ஜன்னல் திரையையும் வெட்ட எடுத்து வைத்திருக்கிறேன். கத்தரியை வைக்கவே தயக்கமாக இருக்கிறது.

மறுமொழி 1:
நீங்கள் முதுகுப் பகுதியை விரிப்பின் நடுவிலிருந்து வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அகலமான பகுதி என்பதால் எல்லாரும் முதலில் அங்கேதான் கத்தரி வைப்பார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் உடல் அழுந்தித் தேய்ந்த இடமும் அதுதான். மெத்தைக்கு அடியில் செருகிக் கிடக்கும் ஓரங்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் தேய்ந்த விரிப்பை நெடுக இரண்டாகக் கிழித்து, இரு ஓரங்களையும் நடுவில் சேர்த்துத் தைத்துப் பயன்படுத்தும் பழைய சிக்கனமுறைக்கும் இதுவே காரணம்.

வெட்டுவதற்கு முன் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தேய்ந்த இடங்கள் வலைபோல வெளிறித் தெரியும். பிறகு இரு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்து, பாவு நூல் ஓடும் நீளவாக்கிலும் ஊடை நூல் ஓடும் குறுக்குவாக்கிலும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். இழை அறும் மெல்லிய ‘படபட’ ஓசை கேட்டால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இழுவிசை விழும் கைக்குழிக்கும் முதுகுக்கும் ஆகாது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே, ஆனால் தையலுக்கும் இதில் பங்குண்டு. மென்மையான பழைய பருத்தியில் தடித்த ஊசியால் நெருக்கமாகத் தைத்தால், அஞ்சல்தலையின் ஓரத்தில் இருக்கும் துளைகளைப் போல ஒரு வரிசை உருவாகி, துணி அந்தக் கோட்டிலேயே கிழியும். அதைவிட மெல்லிய 11ஆம் எண் ஊசியும், 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான தையல் நீளமும் போதும். நூல் துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பதையும் நான் அழுத்திச் சொல்வேன். தையல் விட்டால் பத்து நிமிடத்தில் மீண்டும் போடலாம், துணி கிழிந்தால் அந்தப் பகுதியே போய்விடும். முதுகின் குறுக்கே சற்றுத் தாராளமாக அளவு விடுங்கள்.

மறுமொழி 3:
ஜீன்ஸைப் பொறுத்தவரை, முழங்காலையும் உள்தொடையையும் விட்டுவிட்டு, பின்னங்காலின் கீழ்ப்பகுதியில் வெட்டுங்கள். அங்கேதான் தேய்மானம் குறைவு. இரட்டைத் தையல் போட்ட மடிப்பைப் பிரிக்க மெனக்கெட வேண்டாம், அதன் ஓரமாக வெட்டிவிட்டால் அந்தப் பட்டையே பைக்கு நல்ல கைப்பிடியாகும். பல மடிப்புகள் சேரும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்து, 16ஆம் எண் ஊசி போட்டு, இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் கடந்துவிடுங்கள்.

ஜன்னல் திரையில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வெயில் பட்ட மடிப்புகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கைக்குப் பொடிந்துபோகும். முதலில் துவையுங்கள், சுருங்குவதும் கிழிவதும் அப்போதே தெரிந்துவிடும். ஒளியை மறைக்கும் பூச்சு உள்ள திரை என்றால் ஊசித் துளை மறையாது, ஆகவே அதில் உடை தைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மீதமிருந்த விரிப்பை வெளிச்சத்தில் பிடித்தபோது, படுத்த உடலின் அளவிலேயே நடுவில் ஒரு வெளிறல் தெரிந்தது. என் சட்டையின் முதுகு சரியாக அதற்குள்தான் விழுந்திருக்கிறது. தேறிய இடங்களைச் சாக்கட்டியால் கோடிட்டு, ஓரத்துணியில் புது முதுகை வெட்டினேன். உயரம் 4 செ.மீ. போதாமல் தோளுக்குக் கீழே ஓர் ஒட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. திரையைத் துவைத்தேன்; வெயில் பக்கத்து மடிப்பு ஊறிய நிலையில் பிழியும்போதே என் கையில் கிழிந்து வந்தது.