'இறங்காத சரக்குக்கு எதற்கு இத்தனை கேள்வி?' சிங்கப்பூர் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் சரக்கைப் பற்றிச் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். உங்கள் அனுபவம் என்ன?

துவாஸ் குமரன்:
சரக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டிங் கம்பெனியில் சுங்க பெர்மிட் போடும் வேலை எனக்கு. போன வருடம் ஐரோப்பாவிலிருந்து சாங்கிக்குச் சில பெட்டிகள் வந்தன. வேறொரு நாட்டுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இன்வாய்ஸில் 'மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ்' என்பதோடு சரி. பேக்கிங் லிஸ்ட்டில் பிரஷர் டிரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை அளக்கும் கருவி என்று இருந்தது. இதில் சாதாரண ரகமும் உண்டு, யுரேனியம் செறிவூட்டும் ஆலைக்குத் தோதான ரகமும் உண்டு. இரண்டாவது ரகம் அணு ஆயுதத்துக்கும் உதவும் என்பதால் அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. என்ன உலோகம், எவ்வளவு துல்லியம் என்று டேட்டா ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அதோடு, கடைசியில் யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்று சொல்லும் எண்ட் யூசர் ஸ்டேட்மென்ட்டும் கேட்டேன். "சரக்கு ஃப்ரீ டிரேட் ஸோனை விட்டு வெளியே வராது, ஜிஎஸ்டியும் கிடையாது. உங்களுக்கு எதுக்கு தம்பி விசாரணை?" என்றார் வாடிக்கையாளர். வரி வேறு, இது வேறு. 2003 முதல் நடப்பில் இருக்கும் ஸ்ட்ராட்டஜிக் கூட்ஸ் சட்டம், ஆயுதத்துக்கு உதவக்கூடிய பொருளைக் கட்டுப்படுத்தும் சட்டம், டிரான்ஷிப்மென்ட்டையும், அதாவது இங்கே மாற்றி அனுப்புவதையும், பிடிக்கும். பட்டியலில் இல்லாத பொருளே ஆனாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் பெர்மிட் இல்லாமல் நகர்த்த முடியாது.

டேட்டா ஷீட் உடனே வந்தது. எண்ட் யூசர் தாளில் ஒரு டிரேடிங் கம்பெனியின் பெயர்தான்! எந்த ஆலைக்கு என்ற விவரமே இல்லை. முதலாளி முடியாது என்றுவிட்டார். நல்ல வாடிக்கையாளர், போய்விட்டார்.

செம்பவாங் செல்வி:
'இறங்காத சரக்கு' என்பவர்களுக்கு நான் 2019 ஏப்ரலைச் சொல்வது வழக்கம். நைஜீரியாவிலிருந்து வியட்நாம் போகிற கன்டெய்னர், பாசிர் பாஞ்சாங்கில் திறந்தார்கள். காகிதத்தில் உறைந்த மாட்டிறைச்சி, உள்ளே 12.9 டன் கடத்தல் எறும்புண்ணிச் செதில்! சில நாளில் இன்னொரு கன்டெய்னரில் 12.7 டன்.

எங்கள் தலைவலி வேறு, தம்பி. திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டை அமெரிக்காவுக்கு விற்கிறோம். அங்கே 2022 ஜூன் முதல் சீனாவின் சின்ஜியாங் பஞ்சு கொஞ்சம் கலந்திருந்தாலும் கட்டாய உழைப்பில் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பாடு, ஆகவே எங்கள் பாடு. "பஞ்சு நம்மூருதுங்க அக்கா, எழுதியே தர்றேன்" என்றார் சப்ளையர். கடிதத்தை வைத்து என்ன செய்வது? பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங்கில் தொடங்கி பேல் (பஞ்சுப் பொதி) நம்பர், நூல் லாட், துணி, தையல் என்று பில்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். நூற்பாலை வாங்கின விலை வெளியே தெரிந்துவிடும் என்று முரண்டு பிடித்தது. விலையை மட்டும் மறைத்துவிட்டு மற்றதைக் காட்டுங்கள் என்றதும் இறங்கி வந்தார்கள்.

யீஷூன் ராஜா:
குமரன் அண்ணே, எண்ட் யூசர் தாள் கையில் இருந்தால் நமக்குப் பிரச்சினை இல்லைதானே?

துவாஸ் குமரன்:
அப்படிச் சொல்ல முடியாது ராஜா. தாளில் இருக்கிற பெயரை ஐநா தடைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், முகவரியில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய இயந்திரத்துக்கான பாகம் குடியிருப்பு முகவரிக்குப் போனால் நான் நிறுத்திவிடுவேன். முதல் குற்றத்துக்கே 1,00,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது சரக்கு மதிப்பில் 3 மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம், சிறையும் உண்டு. ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து ஃபைலில் போட்டுவிடு.