கலைச்சொல் தேவை: 'லேண்ட்மார்க்' ஆன வீடு

ந.: நண்பர்களே, கட்டடக்கலை மாணவர்களுக்கான காணொளிக்கு வசனவரி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டால் இல்லம் பற்றியது. பியர் கோனிக் வடிவமைத்து 1960இல் கட்டி முடித்தது. ஹாலிவுட் மலை விளிம்பில் எஃகுச் சட்டகம், நகரத்தைப் பார்த்த பக்கமெல்லாம் கண்ணாடி. 1999இல் நகரம் அதை வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் பட்டியலில் ஏற்றி 'லேண்ட்மார்க்' ஆக்கியது. இதற்கு என்ன சொல்? 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்ற அதன் கட்டடப் பாணிக்கு 'நடுநூற்றாண்டு நவீனம்' போட்டிருக்கிறேன்.

செ.: எந்த நூற்றாண்டின் நடு? 'ஐம்பதுகளின் நவீனம்' என்றால் பிள்ளைகளுக்குப் புரியும். லேண்ட்மார்க்குக்கு 'நினைவுச்சின்னம்' மட்டும் வேண்டாம், நடுகல் வாசனை அடிக்கிறது.

கு.: வெறும் 'சின்னம்' என்றாலோ வாக்குச்சாவடிதான் நினைவுக்கு வரும். 'மரபில்லம்' எனலாமே.

செ.: கண்ணாடியும் இரும்புமாக நிற்கும் வீட்டுக்கு மரபா, ஐயா?

கு.: ஏன் கூடாது? தொல்காப்பிய மரபியலைப் புரட்டுங்கள். விலங்குகளின் இளமைப் பெயர்களில் குட்டி எது, கன்று எது, பறழ் எது என்றுதான் பேசுகிறது. மரபு என்றால் வழங்கிவரும் முறை; பழமை பிற்பாடு ஏறிய பொருள். பறழ் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டால்...

ந.: ஐயா, பறழ் அடுத்த வாரம்!

மு.: 'பாதுகாக்கப்பட்ட இல்லம்' என்று போடுங்கள், சண்டை தீரும்.

ந.: தீராது. அந்த ஊர்ச் சட்டப்படி, பட்டியலில் ஏறிய கட்டடத்தை இடிக்க விண்ணப்பித்தால் அதற்கான நகர ஆணையம் 180 நாள் நிறுத்தி வைக்கலாம், நகர மன்றம் இன்னொரு 180 நாள் நீட்டிக்கலாம். அவ்வளவுதான். தள்ளிப்போடுவதைப் பாதுகாப்பு என்றால் மாணவர்கள் தப்பாகப் படிப்பார்கள்.

மு.: அப்படியானால் 'பட்டியல் வீடு'?

செ.: நம் ஊரில் 'பட்டியல்' என்றதும் காதில் விழுவது வேறு, அண்ணா. நாளிதழ்கள் எழுதும் 'பாரம்பரியக் கட்டடம்' போதும்.

கு.: பாரம்பரியம் வடசொல்.

செ.: நவீனமும் வடசொல்தான். அதை விட்டுவிட்டீர்களே?

ந.: 'நகர மரபுக் கட்டடம்' என்று அனுப்பிவிட்டேன். நால்வரில் இருவர் ஆதரவு, ஒருவர் களைப்பு. 'ஐம்பதுகளின் நவீனம்' செ. சொன்னபடியே.

கு.: மரபில்லத்தை நான் கைவிடவில்லை. பதிவில் இருக்கட்டும்.

மு.: சரி. ஆனால் அது கட்டடமா, கட்டிடமா?