காட்சி நின்று கேட்கும் கேள்விக்கு என்ன பெயர்?

மன்னார்குடி, வேதியியல் ஆசிரியர்:

அன்புள்ள நண்பர்களுக்கு,

மேல்நிலை வகுப்பு வேதியியல் செய்முறைக்கான பல்லூடகப் பாடங்களுக்குத் தமிழில் கையேடு தயாராகிறது. தரம்பார்த்தல் (ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவைக் காண்பது), முடிவுநிலை (வினை முடிந்ததை நிறம் காட்டும் நிலை), நிறங்காட்டி, வீழ்படிவு எல்லாம் பாடநூலிலேயே இருக்கின்றன. மெய்நிகர் ஆய்வகம், அசைவூட்டம் இரண்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் சொல் அமையவில்லை. காணொளி ஓடுகிறது, பியூரெட்டின் (அடியில் திருகுள்ள நீண்ட அளவுக்குழாய்) அளவைப் படிக்க வேண்டிய இடத்தில் தானாக நிற்கிறது, மாணவர் விடை கொடுத்தால்தான் மேலே நகரும். வரைவில் இதை ‘வினாடி வினா’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒட்டவில்லை. வினாடி வினா ஞாபகத்தைச் சோதிப்பது. இங்கே மாணவர் வேலையின் நடுவில் நின்று முடிவெடுக்கிறார்.

ஆக்சாலிக் அமிலம் – பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் இது எங்கெங்கே வரும் என்று சொன்னால் சொல் தேடுவது எளிது. பிப்பெட்டால் 20 மி.லி. ஆக்சாலிக் அமிலம், அதே அளவு நீர்த்த கந்தக அமிலம், 60 முதல் 70 டிகிரி செல்சியசுக்குச் சூடு. பியூரெட்டிலிருந்து முதல் சொட்டு விழுகிறது. இளஞ்சிவப்பு உடனே போகாது, நிற்கும். நிறம் மறையாமல் நிற்பதுதான் முடிவுநிலையின் அடையாளம் என்பதால் இது ஏமாற்றும். மாங்கனீசு(II) அயனி உண்டானபின் அதுவே வினையூக்கியாகி வினையை விரைவாக்கும். அதுவரை பொறுக்க வேண்டும். இந்த இடத்தில் காட்சியை நிறுத்தி, ‘முடிவுநிலை வந்துவிட்டதா?’ என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் முதல் சொட்டிலேயே திருகை மூடிவிட்டுக் கணக்குப் போடுகிற மாணவர் எல்லா வகுப்பிலும் உண்டு.

இரண்டாவது இடம், குடுவையில் பழுப்புக் கலங்கல் தெரிகிற காட்சி. அமிலம் போதாமல் மாங்கனீசு டைஆக்சைடு உண்டாகியிருக்கிறது. ‘தொடரலாமா, கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாமா?’ மூன்றாவது, சிவப்புக் கீற்று சுழன்று மெதுவாக மறையும் நேரம். அடுத்து ஒரு சொட்டா, அரைச் சொட்டா? நான்காவது, இறுதி அளவு.

இந்த நான்கையும் குறிக்க ஒரு பெயர் வேண்டும். ஆசிரியர் வாயில் புழங்குகிற பெயராக இருந்தால் நல்லது.

கும்பகோணம், தமிழாசிரியர்:

ஐயா, ‘மடைக்கேள்வி’ என்று வைக்கலாமா? மடையை அடைத்தால் நீர் நிற்கும், திறந்தால் பாயும். விடை வந்தால் காட்சி திறக்கிறது. டெல்டாப் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது. ‘நிறுத்தக் கேள்வி’ என்றும் சொல்லலாம். ஆனால் அதில் பேருந்து நிறுத்தத்தின் சாயல் இருக்கிறது. ‘இடைநிறுத்தம்’ ஏற்கெனவே பாஸ் பட்டனுக்குப் போய்விட்டது. பணியிடை நீக்கத்துக்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள்.

வேதாரண்யம், ஆய்வக உதவியாளர்:

மடைக்கேள்வி அழகாகத்தான் இருக்கிறது டீச்சர். ஆனால் பத்தாம் நிமிடமே பையன்கள் அதை ‘மடையன் கேள்வி’ ஆக்கிவிடுவார்கள். தப்பாகப் பதில் சொன்னவனுக்கு அந்தப் பெயர் வருடம் முழுக்க ஒட்டிக்கொள்ளும். தப்பாகச் சொல்லட்டும் என்றுதானே நிறுத்துகிறோம்? வேண்டாம்.

திருவாரூர், காணொளி தொகுப்பவர்:

பெயர் எதுவானாலும் சரி, அது நிற்கிற படம் சரியாக இருந்தால்தான் கேள்விக்கு மதிப்பு. தொகுக்கும்போது கெட்டுப்போகிற இடங்களைச் சொல்லிவிடுகிறேன், வரையறைக்கு உதவும்.

பெர்மாங்கனேட் கரைசல் அடர்நிறம். பிறைதளத்தின் (குழாய்க்குள் வளைந்து நிற்கும் திரவ மேற்பரப்பு) கீழ்விளிம்பு தெரியாது, மேல்விளிம்பைத்தான் படிக்க வேண்டும். கேமரா அந்த விளிம்புக்கு நேர்மட்டத்தில் இருந்தாக வேண்டும். மேலிருந்து சாய்த்து எடுத்தால் அளவு குறைவாகத் தெரியும், கீழிருந்து எடுத்தால் கூடுதலாக. 50 மி.லி. பியூரெட்டில் 20 மி.லி. இறங்கினால் திரவமட்டம் ஏறக்குறைய ஒரு சாண் கீழே போயிருக்கும். தொடக்க அளவை எடுத்த உயரத்திலேயே கேமரா ஸ்டாண்டை விட்டுவிட்டு இறுதி அளவையும் எடுப்பதுதான் வழக்கமான தப்பு. அப்படிப்பட்ட படத்தை நிறுத்தி வைத்து அளவு கேட்டால், சரியாகப் படித்த பிள்ளைக்குத்தான் தப்புப் போடுவோம்.

நிறத்தில் இன்னும் தொல்லை. மங்கலான இளஞ்சிவப்பைக் கைப்பேசி தானாகவே வெள்ளையாக்கிவிடும். குடுவைக்கு அடியில் வெள்ளை டைல் வைத்து, வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். பக்கத்திலேயே நிறமற்ற கரைசலோடு இன்னொரு குடுவை இருக்கட்டும்; பழைய புரொஜெக்டரிலும் வித்தியாசம் கண்ணுக்குப் படும். வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் சுருங்கும்போது அந்த மெல்லிய நிறம் போய்விடுகிறது. பென்டிரைவில் கொடுங்கள், இல்லையென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

முதல் சொட்டு நிறம் மாறும் வரையான காத்திருப்பை ‘லேக்’ என்று வெட்டித் தள்ளுகிறார்கள். பாடமே அந்தக் காத்திருப்புதான். வெட்டக்கூடாது, வேகமாகவும் ஓட்டக்கூடாது.

சொல்லுக்கு வருகிறேன். பார்வையாளர் தானே நிறுத்துவது ஒன்று, காணொளி மறித்துக் கேட்பது இன்னொன்று. ‘மறித்தல்’ சொல்லுக்குள் வந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

கும்பகோணம், தமிழாசிரியர்:

மடையன் கேள்வி என் மூளைக்கு எட்டவில்லை, சிரித்துவிட்டேன். மடையை விட்டுவிடுவோம்.

மறித்தலிலிருந்து ‘மறிவினா’, ‘இடைமறி வினா’ என இரண்டு கிடைக்கின்றன. வினைத்தொகை என்பதால் மறித்த, மறிக்கிற, மறிக்கும் மூன்றுக்கும் பொருந்தும். மறிவினா சுருக்கம், ஆனால் காதில் ‘மறுவினா’ என்று விழும், திருப்பிக் கேட்ட கேள்வி என்று நினைப்பார்கள். அதனால் ‘இடைமறி வினா’வே என் வாக்கு. ‘இந்தக் காணொளியில் நான்கு இடைமறி வினாக்கள்’ என்று எழுதினால் நெருடவில்லை.

வேதாரண்யம், ஆய்வக உதவியாளர்:

இடைமறி வினா சரி. ஒரு திருத்தம் மட்டும். ‘விடை கொடுத்தால்தான் நகரும்’ என்று வரையறுத்தால் கணினி இருக்கிற அறைக்குத்தான் பொருந்தும். ஒரே புரொஜெக்டர், நாற்பது பிள்ளைகள் என்றால் எப்படி? அங்கே காணொளியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு ஸ்லைடுக்கு ஒரு துண்டு வைத்தால் போதும். துண்டின் கடைசிப் படம் திரையில் அப்படியே நிற்கும். பிளேயரில் பாஸ் போட்டால் கீழ்ப்பட்டை வந்து குடுவையை மறைத்துவிடும். பிள்ளைகள் அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதி முடிக்கும் வரை அடுத்த துண்டைத் தொடக்கூடாது. பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள்.

எங்கள் கடலோரப் பக்கம் உப்புப் பகுப்பாய்வுக்கும் (கொடுத்த உப்பு எது என்று கண்டறியும் சோதனை) ஓர் இடைமறி வினா அவசியம். போர்வெல் தண்ணீரில் சோதனைக்குழாயைக் கழுவி, அதிலேயே உப்பைக் கரைத்து, சில்வர் நைட்ரேட் விட்டால் எந்த உப்பு கொடுத்தாலும் குளோரைடுக்கு அடையாளமான வெண்ணிறம் வரும். எல்லாம் குளோரைடு! வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) ஒன்று, குழாய்த் தண்ணீரில் ஒன்று, இரண்டிலும் உப்பே போடாமல் சில்வர் நைட்ரேட் விட்டுக் காட்டி, ‘எதை நம்புவீர்கள்?’ என்று நிறுத்துங்கள்.

மன்னார்குடி, வேதியியல் ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது:

இடைமறி வினா: செய்முறைக் காட்சி ஒன்றில், செய்பவர் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் காட்சி நின்று கேட்கும் வினா. மாணவர் விடையைப் பதிந்த பின்னரே காட்சி தொடரும். பதிவு கணினியிலும் இருக்கலாம், நோட்டிலும் இருக்கலாம்.

அளவு கேட்கிற வினாவுக்கு நான்கு விருப்பங்கள் கொடுக்கக்கூடாது என்பதையும் சேர்க்கிறேன். விருப்பம் கொடுத்தால் பியூரெட்டைப் பார்க்காமலே ஊகிப்பார்கள். எண்ணைத் தாமே எழுத வேண்டும். கோடுகள் 0.1 மி.லி. இடைவெளியில் இருப்பதால் 0.05 வரை கூடக்குறைய இருந்தால் ஏற்கலாம், கணினி 20.3-ஐயும் 20.30-ஐயும் வேறு வேறாக எண்ணாதபடி அமைக்க வேண்டும். முதல் மூன்று வினாக்களுக்கு விருப்பங்கள் இருக்கலாம். தப்பான விடைக்கு ‘தவறு’ என்று எழுத்து மின்ன வேண்டாம். அதன் விளைவைக் காட்டும் துண்டு ஓடட்டும். அரைச் சொட்டு போதும் என்ற இடத்தில் ஒரு மி.லி. விட்டால் குடுவை அடர்சிவப்பாவதைக் கண்ணால் பார்க்கட்டும்.

திருகைத் திறக்கும் விரல்பழக்கம் காணொளியால் வராது. அதற்குப் பியூரெட்டில் வெறும் தண்ணீர் நிரப்பி, சொட்டுச் சொட்டாக விடப் பழக்குவதே வழி. அதையும் ஒரு வரியில் குறித்துவிடுகிறேன்.

முடிவுநிலையைத் தாண்டி விட்டுவிடுவதற்கு, ஆய்வகத்தில் ‘ஓவர்’ என்கிறோமே, அதற்கும் சொல் வேண்டும். ‘மிகைச்சொட்டு’ என்பது என் முன்மொழிவு. தனி இழையில் எழுதுங்கள், இதில் கலக்க வேண்டாம்.