கூட்டணி ஆட்சியில் சிறு வியாபாரி யாரிடம் பேசுவது?

மசாலாக்கடை, சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மிளகாய், மல்லி அரைத்து விற்கிறேன். முன்பெல்லாம் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரைப் பார்த்தால் போதும். 2024 தேர்தலில் அதுவரை ஆண்ட ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸுக்கு நாடாளுமன்றத்தின் 400 இடங்களில் 159தான் கிடைத்தது; பெரும்பான்மை இல்லாமல் கூட்டணி ஆட்சி வந்துவிட்டது. இனி எங்கள் குறையை யாரிடம் சொல்வது?

கணக்கர் அக்கா, பீனிக்ஸ்:
தம்பி, ஒரே கட்சியை நம்பி இருக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17 ஆக்க நிதியமைச்சு முனைந்தது. கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, வரவுசெலவுத் திட்டமே தள்ளிப்போனது. ஏப்ரலில் உயர்வைக் கைவிட்டார்கள். எனவே நாடாளுமன்ற நிதிக்குழுவில் இருக்கும் எல்லாக் கட்சியினருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஆளுக்கொரு பேச்சு வேண்டாம், அவர்கள் கடிதங்களை ஒருவருக்கொருவர் காட்டி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குழு கருத்துக் கேட்கும்போது தேதி தவறாமல் எழுதுங்கள். மக்களைப் பங்கேற்கச் செய்வது அவையின் கடமை என்று அரசியலமைப்பின் 59ஆம் பிரிவு சொல்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல! ஒரு கிலோ மசாலாவின் அடக்கவிலை எவ்வளவு ஏறும், எத்தனை பேருக்கு வேலை போகும் என்பதை முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

துணிக்கடை, டோங்காட்:
மாகாணத்தையும் பாருங்கள் அண்ணா. நம் மாகாணமான குவாசூலு-நேட்டாலின் சட்டமன்றத்தில் 80 இடங்கள். 2024இல் 37 பெற்ற, முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சி எதிரணியில் அமர்ந்தது. இன்கதா கட்சியின் தலைமையிலான கூட்டணி மயிரிழைப் பெரும்பான்மையில்தான் ஆட்சி அமைத்தது. அங்கே ஒவ்வோர் உறுப்பினரும் முக்கியம்.

மசாலாக்கடை, சாட்ஸ்வொர்த்:
மிக்க நன்றி. கட்சி நிதி கேட்டால்?

கணக்கர் அக்கா, பீனிக்ஸ்:
கொடுக்காதீர்கள். மனுவையும் பணத்தையும் ஒரே கையில் நீட்டினால் உங்கள் நியாயம் கெட்டுவிடும்.