மேட்டில் ஏறினால் சூடேறும் 998 சிசி மினி: ரேடியேட்டரை மாற்றியும் தீரவில்லை

கேள்வி: சாட்ஸ்வொர்த் மினி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1976-ஆம் ஆண்டு மினி கார்; 998 சிசி ஏ-சீரிஸ் வகை இன்ஜின். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்த பிளாக்ஹீத் ஆலையில் உருவான வண்டி. என் தந்தையார் நெடுங்காலம் ஓட்டியது; அவர் மறைந்த பிறகு என் கைக்கு வந்தது. அதனால் இதை விற்றுவிட்டு வேறு வண்டி வாங்கும்படி சொல்பவர்களுக்கு என்னால் செவிசாய்க்க இயலவில்லை.

டர்பன் நகருக்குள், பிப்ரவரி மாதப் புழுக்கத்திலும் கூட, சூட்டுமானியின் முள் நடுவைச் சற்றே தாண்டி நிற்கிறதே தவிர அதற்கு மேல் ஏறுவதில்லை. ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் செல்வதற்காக என்3 நெடுஞ்சாலையில் மாரியன்ஹில் சுங்கச்சாவடியைக் கடந்து கீ ரிட்ஜ் மேட்டில் ஏறத் தொடங்கினால், பத்து நிமிடத்திற்குள் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. இதுவரை மூன்று முறை சாலையோரம் நிறுத்த நேர்ந்தது. அவற்றுள் ஒரு முறை ரேடியேட்டர் மூடியின் வழியே தண்ணீர் பொங்கி வெளியேறியது.

நான் வண்டியைக் கொடுத்த பட்டறையில் முதலில் ரேடியேட்டரை மாற்றி, முன்னதைவிடத் தடிமனான புதிய ஒன்றைப் பொருத்தினார்கள். பிறகு, வெப்பமான ஊரில் தெர்மோஸ்டாட்டே (இன்ஜின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) தேவையில்லை என்று அதைக் கழற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் பணம் செலவானது. மேட்டில் மட்டும் நிலைமை மாறவில்லை. இப்போது இன்ஜினையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு என் தாயாரை இந்த வண்டியிலேயே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். இன்ஜினை மாற்றும் முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: டோங்காட் கரும்புக்காடு

மினியின் ரேடியேட்டர் மற்ற வண்டிகளைப் போல முகப்பில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இன்ஜின் குறுக்காக அமர்ந்திருப்பதால் ரேடியேட்டர் இடப்பக்கச் சக்கரத்தின் உட்சுவரை ஒட்டி நிற்கிறது. காற்றாடி இன்ஜின் பக்கத்துக் காற்றை அதன் ஊடாகத் தள்ளி, உட்சுவரில் உள்ள பிளவுகள் வழியே சக்கர வளைவுக்குள் வெளியேற்றுகிறது. முன்சக்கரத்தைக் கழற்றி அந்தப் பிளவுகளைப் பாருங்கள். எங்கள் பகுதியில் கரும்பு எரிக்கும் பருவத்தில் பறக்கும் கரியும் மழைச்சேறும் சேர்ந்து அவற்றைச் சுவர்போல அடைத்துவிடும்.

ரேடியேட்டருக்கும் உட்சுவருக்கும் இடையே நுரைப்பட்டை ஒன்று இருக்க வேண்டும். ரேடியேட்டர் மாற்றியவர்கள் அதைத் திரும்ப வைத்தார்களா என்று பாருங்கள். அது இல்லையென்றால் வெளியேற வேண்டிய சூடான காற்று இடுக்கு வழியாக மறுபடியும் இன்ஜின் அறைக்குள் திரும்பி, காற்றாடி அதையே சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருக்கும்.

பதில்: இசிபிங்கோ பழைய மெக்கானிக்

தம்பி, இன்ஜின் மாற்றும் பேச்சைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வண்டி எங்கே சூடேறுகிறது என்பதை நீங்கள் தெளிவாக எழுதியதே பாதி விடை. நெரிசலில் நின்றால் சூடேறி, ஓடினால் தணியும் வண்டிக்குக் காற்றுப் பக்கம் குறை இருக்கும்: காற்றாடி, பெல்ட், அடைபட்ட பிளவுகள். மெதுவாக ஓடும்போது தாங்கிக்கொண்டு மேட்டில் இழுக்கும்போது மட்டும் சூடேறும் வண்டிக்கு, தண்ணீர் ஓடும் பாதையிலோ எரியூட்டலிலோ குறை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இன்ஜினின் உடலான பிளாக்கிலிருந்து சூடு தண்ணீருக்கு இறங்காவிட்டால் அதனால் பயனில்லை.

நான் முதலில் கைவைப்பது பிளாக்கின் வடிகால் திருகில்தான். அது பிளாக்கின் பின்புறம், டாஷ்போர்டுச் சுவரை நோக்கிய பக்கத்தில் கீழே இருக்கிறது. கை நுழைவது கடினம் என்பதால் பல பட்டறைகளில் கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணீரை இறக்கிவிட்டு அதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். தண்ணீர் பம்ப் முதல் சிலிண்டர் பக்கம் இருப்பதால், துருவும் சேறும் பம்பிலிருந்து மிகத் தொலைவான நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் படிந்து இறுகும். இன்ஜின் நன்றாக ஆறிய பின் அந்தத் திருகைக் கழற்றுங்கள். தண்ணீர் தாராளமாகக் கொட்டினால் நல்லது. ஒரு சொட்டும் வராவிட்டால் உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது. கெட்டியான கம்பியால் குத்திக் கிளறி, தெர்மோஸ்டாட் இருந்த வாய் வழியே தோட்டக் குழாயைச் செருகி, வெளிவரும் நீர் தெளியும் வரை ஓட விடுங்கள். நான் அரை நாள் முழுவதும் இப்படிக் கழுவிய வண்டிகள் உண்டு.

இரண்டாவது, சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். அதனுள் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும்; இடைவெளி குறைந்தால் தீப்பொறி தாமதமாகப் பிறக்கும். பொறி தாமதித்தால் எரிதல் நீண்டு, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வாயிலைச் சூடாக்கித் தண்ணீருக்குப் போய்ச் சேரும். இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்து, அதன் பிறகே பொறி பிறக்கும் நேரமான டைமிங்கைப் பாருங்கள். எஸ்.யூ. கார்புரேட்டரில் கலவை மெலிந்து, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைந்திருந்தாலும் மேட்டில் இதே தொல்லை வரும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் (காற்றுக்குழாய் இணைப்பின் அடைப்புத் தகடு) காற்றுக் கசிவு இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் கதவன்று; பிளாக்கின் மேல் அமர்ந்த ஹெட்டிலிருந்து வெளியேறும் நீருக்கு ஓர் அளவான தடையாகவும் இருந்து, பம்ப் உண்டாக்கும் அழுத்தத்தை ஹெட்டுக்குள் நிறுத்துகிறது. அந்த அழுத்தம் குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள சூடான இடங்களில் சிறு நீராவிக் குமிழிகள் தோன்றி, அவ்விடத்தில் தண்ணீர் உலோகத்தைத் தொடாமல் போகும். மினியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால், இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடுவதும் அந்த எண்ணெய்க்கு நல்லதன்று. இந்த இன்ஜினை உருவாக்கியவர்களே வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி, பொதுவாக 82 டிகிரி, குளிர் நாடுகளுக்கு 88 டிகிரி என்று தனித்தனியே தெர்மோஸ்டாட் குறித்திருக்கிறார்கள். 74 டிகிரி ஒன்றை வாங்கி, வெந்நீரில் இட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொருத்துங்கள்.

மூன்று முறை கொதித்த வண்டி என்பதால் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கெட்டையும் ஐயப்பட வேண்டும். ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று கவனியுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவம் கடைகளில் கிடைக்கும். இன்ஜினில் எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாக மாறும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும், கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். முன்னது உங்களைச் சுடும், பின்னது வார்ப்பிரும்பு ஹெட்டில் விரிசல் விழச் செய்யும்.

பதில்: லெனேசியா ஏ-சீரிஸ்

அண்ணன் சொன்னவற்றோடு இரண்டு சேர்க்கிறேன். ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி ஒழுங்காக அழுத்தத்தைப் பிடித்தால் அது 115 டிகிரிக்கு அருகே உயர்கிறது. ஆகவே ரப்பர் காய்ந்துபோன ஒரு பழைய மூடி மட்டுமே 20 டிகிரிப் பாதுகாப்பைப் பறித்துவிடும். உங்கள் வண்டியில் மூடி வழியே பொங்கியது என்றால் புதிய மூடி வாங்குவதே மலிவான முதல் வேலை.

மற்றொன்று சூட்டுமானி. முள் ஏறும்போது பெட்ரோல் முள்ளும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால், இரு மானிகளுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் பழுதாகியிருக்கும். உங்களுக்குத் தண்ணீரே பொங்கியிருப்பதால் அதுவே முழுக் காரணமாக இராது, ஆயினும் முள் பொய் சொல்லாமல் இருப்பது முக்கியம்.

மறுமொழி: சாட்ஸ்வொர்த் மினி

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சனிக்கிழமைகள் இதற்கே போயின. பிளாக்கின் திருகைக் கழற்றியபோது உண்மையிலேயே ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்திய பிறகு முதலில் கருஞ்சிவப்புச் சேறும், பின்னர் ஓடுபோல உடைந்த துருவும் வந்தன. ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் கால் பங்கு நிறைந்தது. மொத்தம் மூன்றரை லிட்டர் தண்ணீர் மட்டுமே கொள்ளும் இந்த வண்டிக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போதுதான் புரிந்தது. நுரைப்பட்டை இல்லவே இல்லை. புதியதை வெட்டி ஒட்டினேன். பாயிண்ட் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. குமிழியும் இல்லை, நீலத் திரவமும் நிறம் மாறவில்லை. மூடி புதிது, தெர்மோஸ்டாட் 74 டிகிரி.

நேற்று மதியம், வெயில் 31 டிகிரி இருந்தபோது, தனியாகவே கீ ரிட்ஜ் மேட்டில் மூன்றாம் கியரில் ஏறிக் கேட்டோ ரிட்ஜ் வரை சென்று திரும்பினேன். முள் நடுவைத் தாண்டி இரண்டு கோடு ஏறி அங்கேயே நின்றது. இறக்கத்தில் தானாகத் தணிந்தது. உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் (உறைதலையும் துருவையும் தடுக்கும் திரவம்) எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

பதில்: இசிபிங்கோ பழைய மெக்கானிக்

மகிழ்ச்சி, தம்பி. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே மேல். ஆனால் இரும்பு பிளாக்கில் வெறும் தண்ணீர் விட்டால் அதே சேறு திரும்ப வரும். டர்பனுக்கு நான்கில் ஒரு பங்கு கூலன்ட், மீதி காய்ச்சி வடித்த தூய நீர் போதும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் குளிர்காலப் பயணம் என்றால் மூன்றில் ஒரு பங்காக வையுங்கள்.

கிளறிவிட்ட துரு முழுவதும் வெளியே வந்திருக்காது. மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் இடத்தில் பழைய நைலான் காலுறைத் துண்டொன்றைப் பை போலச் செருகிக் கிளிப்பை இறுக்குங்கள். முதல் வாரம் ஒருமுறை, பிறகு தீமிதிக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும்போது கழற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தத் துரு புதிய ரேடியேட்டரின் குழாய்களில் போய் அமரும். வழியில் முள் சிவப்பை நெருங்கினால் ஹீட்டரை முழுவதும் திறந்து அதன் விசிறியையும் போடுங்கள். தாயார் கொஞ்சம் வியர்த்தாலும், அது இன்னொரு சிறு ரேடியேட்டராக வேலை செய்யும்.