'தி ரோப்' படத்தில் கலிகுலாவுக்கு என்ன வேலை?

நாலாம்வரிசை:
1953-இல் வந்த 'தி ரோப்' (The Robe, அதாவது அங்கி) படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறையில் வெளியான முதல் படம் என்ற பெருமையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஆதிக் கிறிஸ்தவர்களை ரோமப் பேரரசன் கலிகுலா தேடித்தேடிப் பிடிக்கிறான். வரலாற்றில் அதற்கு ஆதாரமே கிடையாது. அவன் ஆண்டது கி.பி. 37 முதல் 41 வரை. கிறிஸ்தவர்கள் மேல் பழிபோட்டுக் கொன்றவன் நீரோ, 64-இல் ரோம் எரிந்த பிறகு.

கூழாங்கல்:
அண்ணே, நீரோ வரை காத்திருந்தால் படத்தின் நாயகன், ரோம அதிகாரி மார்செல்லஸ் கிழவனாகியிருப்பான்! யோவான் நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் அங்கிக்கு இரண்டே வசனம். தையல் இல்லாதது, கிழிக்க வேண்டாம், சீட்டுப்போடுவோம் என்கிறார்கள் சிப்பாய்கள். ஜெயித்தவன் அப்புறம் என்ன ஆனான்? கதை நுழைவது அந்தச் சந்தில்தான். சிலுவையடியில் பகடையில் ஜெயித்த அங்கி, மழையில் மேலே பட்டதும் மார்செல்லஸாக வரும் ரிச்சர்ட் பர்ட்டன் நெருப்புப் பட்டவர்போல் அலறுகிறார். அடிமை டிமெட்ரியஸ் அதை எடுத்துக்கொண்டு, எஜமானையும் ரோமையும் சேர்த்துச் சபித்துவிட்டுப் போகிறான். இதைப் பார்க்கும்போதா ஆண்டுக்கணக்கு வரும்?

நாலாம்வரிசை:
அலறல் நன்றாகத்தான் இருக்கிறது. அதே சுருதியைப் படம் முழுக்க இழுத்தால்? கலிகுலாவாக ஜே ராபின்சன் கத்துகிற கத்தலில் எனக்குக் காது வலித்தது. நிஜக் கலிகுலா எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை வைக்கச் சொல்லி யூதர்களைக் கொதிக்கவைத்தவன். அதுவே ஒரு படத்துக்குப் போதும்.

பனையோலை:
கலிகுலா விஷயத்தில் நாலாம்வரிசை பக்கம்தான் நானும். ஆனால் கானா ஊர் மிரியாமை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். நடக்க முடியாத பெண். இயேசுவைச் சந்தித்த பிறகும் கால் குணமாகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே உயிர்த்தெழுதலைப் பாடுகிறாள். வேறு படமாக இருந்தால் எழுப்பி நடக்கவிட்டிருப்பார்கள், கூடவே கோரஸும் வரும்.

நாலாம்வரிசை:
மிரியாமுக்கு மறுபேச்சில்லை. கோரஸைக் கடைசிக்கு எடுத்துவைத்திருந்தார்கள்! மார்செல்லஸும் அவன் காதலி டயானாவும் சாகப்போகிறார்கள், அரண்மனை மறைந்து பின்னால் வானமும் மேகமும் வருகிறது, அல்லேலூயா. நாடகக் கொட்டகைப் படுதா.

கூழாங்கல்:
சரி அண்ணே, அந்த மேகத்துக்காக நான் வாதாடப் போவதில்லை. அலறலை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.